கொம்பில் ஒரு துளை

மாட்டுக் கொம்பின் நுனியைச் சீவினால் சிறு துளை கிடைக்கும். அகன்ற வாயை வலிக்கும் இடத்தில் கவிழ்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, நுனித் துளையில் வாய் வைத்து உறிஞ்ச வேண்டும். தோல் எழும்பிக் கொம்புக்குள் ஏறியதும் துளையை மெழுகால் அடைத்துவிட்டால் கொம்பு பிடி விடாமல் நிற்கும். முதலாம் நூற்றாண்டில் லத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சஸ் சொல்லும் வழி இது. வெண்கலக் கிண்ணத்துக்கு வேறு வழி சொல்கிறார்: எரியும் துணித்திரியை உள்ளே போட்டுக் கவிழ்த்தால் போதும். இரண்டுமே கைவசம் இல்லையென்றால் வாய் குறுகிய எந்தக் குவளையும் உதவும் என்கிறார். தோலைக் கீறிவிட்டு வைத்தால் இரத்தத்தை இழுக்கும், கீறாமல் வைத்தால் உடலுக்குள் இருக்கும் காற்றை இழுக்கும் என்பது அவர் கணக்கு. கீறாமல் வைக்கும் அந்த முறைதான் இன்று ‘ட்ரை கப்பிங்’ என்ற பெயரில் பிசியோதெரபி அறைகளிலும் விளையாட்டு வீரர்களின் ஓய்வறைகளிலும் நடக்கிறது.

கிண்ணம் செல்சஸுக்கு வெகு காலம் முந்தியது. ஹிப்போகிரட்டஸின் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே அதன் வடிவத்தைப் பற்றிய பேச்சு இருக்கிறது: வாய் அகன்று மேலே குறுகிப் போனால்தான் நன்றாக இழுக்குமாம். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜேசன் என்ற ஏதென்ஸ் மருத்துவரின் நினைவுக்கல் ஒன்று உண்டு. வயிறு வீங்கிய சிறுவனை அவர் தொட்டுப் பார்க்கிறார். அருகில், உண்மை அளவுக்குப் பொருந்தாத பெரிய உருவில் ஒரு கிண்ணம் செதுக்கப்பட்டிருக்கிறது. இன்று கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப் எதைச் சொல்கிறதோ, அதை அன்று அந்தக் கிண்ணம் சொன்னது.

நம் நாட்டில் சுஸ்ருத சம்ஹிதை கொம்பு, அட்டை, சுரைக்குடுக்கை மூன்றையும் வாதம், பித்தம், கபம் என்று பிரித்துக் கொடுத்தது. சுரைக்குடுக்கைக்குள் விளக்கு எரிந்தது. கிரேக்க வெண்கலத்துக்குள் எரிந்த திரியின் வேலையும் அதுவேதான். சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் ஒற்றடம், தொக்கணம், அட்டை விடல் இவற்றோடு உறிஞ்சலும் ஒன்று.

சீனத்தின் கதை இன்னும் சுவையானது. கி.மு. 168-இல் மூடப்பட்ட மாவாங்துய் கல்லறையிலிருந்து கிடைத்த பட்டுச் சுவடியில் மூலநோய்க்குச் சிறு கொம்பு வைக்கும் முறை இருக்கிறது. நான்காம் நூற்றாண்டில் கே ஹொங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டிலும் கொம்பு வருகிறது. இந்தக் கையேட்டை நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புகிறேன். ஏனென்றால் மலேரியாவுக்கு மாசிப்பத்திரி இனத்துச் செடி ஒன்றைக் நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொன்னதும் இதே நூல்தான். 1970-களில் சீன விஞ்ஞானி தூ யூயூ அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போனார். ஆர்ட்டெமிசினின் மருந்து கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. ஒரே நூலில் இருந்த செடிக்கு அப்படிப்பட்ட கடுமையான சோதனை வாய்த்தது. கொம்போ அந்தச் சோதனை இல்லாமலே மூங்கில் குழாயாகி, மண் கலயமாகி, கண்ணாடிக் குடுவையாகி வழக்கத்தில் நிலைத்துவிட்டது.

அரபு உலகில் இதற்கு ஹிஜாமா என்று பெயர். கொர்தோவாவின் அல்-சஹ்ராவி 1000-ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய பெருநூலில் கொம்பு, மரம், செம்பு, கண்ணாடி என எல்லாவகைக் கிண்ணங்களும் வருகின்றன. யுனானி மருத்துவத்தோடு ஹிஜாமா இந்தியாவுக்கு வந்தது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. கீறி எடுப்பது, கீறாமல் வைப்பது என இரு வகையையும் யுனானி வைத்தியர்கள் அறிவார்கள்.

லண்டனில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிண்ணம் வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். கைஸ் மருத்துவமனையில் மான்சன் ஹில்ஸ் அந்த வேலையில் இருந்தார், அதைப் பற்றிச் சிறு நூலும் எழுதினார். பிறகு பெரிய மருத்துவமனைகள் கிண்ணத்தை மெல்லக் கைவிட்டன. ஆனால் ஏழைகளின் வார்டுகளில் அது தங்கிவிட்டது. 1929-இல் பாரீஸில் நிமோனியாவோடு ஒரு பொது மருத்துவமனையில் கிடந்த எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல்லுக்குக் கண்ணாடிக் கிண்ணங்கள் வைத்தார்கள். அவர் அனுமதியை யாரும் கேட்கவில்லை. ‘ஏழைகள் எப்படிச் சாகிறார்கள்’ என்ற அவர் கட்டுரையை நான் கிண்ணத்துக்கு எதிரான சாட்சியமாகப் படிக்கவில்லை. நோயாளியை ஆளாகவே மதிக்காத கைகளைப் பற்றியது அது. போலந்திலும் ரஷ்யாவிலும் கிண்ணத்தின் இடமே வேறு. சளி பிடித்தால் பாட்டிமார் அலமாரியிலிருந்து கண்ணாடிக் குப்பிகளை எடுத்து முதுகில் வரிசையாக வைப்பார்கள். அதே மண்ணில் வாழ்ந்த யூதர்களின் யித்திஷ் மொழியில், பயனற்ற வேலையைப் பிணத்துக்குக் கிண்ணம் வைப்பதோடு ஒப்பிடும் சொலவடையும் உண்டு.

பிறகு கேமராக்கள் வந்தன. 2004-இல் நடிகை க்வினெத் பால்ட்ரோ நியூயார்க்கில் ஒரு திரைப்பட நிகழ்ச்சிக்கு முதுகு திறந்த உடையில் வந்தபோது அந்த வட்டங்கள் தெரிந்தன. 2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸ் தோளில் கருஞ்சிவப்பு வட்டங்களோடு நீந்தித் தொடர் நீச்சலில் தங்கம் வென்றார். அன்று முதல் கிண்ணம் சந்தைப் பொருள். கண்ணாடியோடு, கைப் பம்ப் வைத்த பிளாஸ்டிக்கும், அமுக்கி விட்டாலே பிடித்துக்கொள்ளும் சிலிக்கோனும் வந்துவிட்டன. இவற்றுக்குத் தீ தேவையே இல்லை.

தீயோ, பம்ப்போ, வாயோ, நடப்பது ஒன்றுதான். உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. தோலும் அடியில் உள்ள திசுக்களும் கிண்ணத்துக்குள் எழும்புகின்றன. மசாஜ் சதையை அமுக்குகிறது, இது தூக்குகிறது. அந்த இழுப்பில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து தோலுக்கடியில் வட்டமாக நிறம் படிகிறது. சில நாட்களிலோ இரண்டு வாரத்துக்குள்ளோ உடல் அதை உடைத்து அகற்றிவிடும். வட்டம் கறுப்பாக இருந்தால் ‘நச்சு’ அதிகம் வெளியேறியது என்று சொல்லிக் காசு வாங்குகிறார்கள். பொய். எவ்வளவு பலமாக, எவ்வளவு நேரம் இழுத்தார்கள், தோல் எப்படிப்பட்டது என்பதைத்தான் அந்த நிறம் காட்டும். உடலின் கழிவை அகற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

அப்படியானால் வலி குறைந்தது என்று சொல்பவர்கள் எல்லோரும் ஏமாந்தவர்களா? இல்லை. ஜெர்மனியில் உடல் முழுதும் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 141 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சிலருக்கு உண்மையான கிண்ணம், சிலருக்குச் சிறு துளையிட்ட போலிக் கிண்ணம், சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். போலிக் கிண்ணம் வைத்ததும் பிடிப்பது போல இருக்கும், பிறகு காற்று உள்ளே கசிந்து இழுப்பு போய்விடும். செல்சஸ் மெழுகால் அடைத்த துளையை இவர்கள் வேண்டுமென்றே திறந்து விட்டார்கள். வழக்கமான சிகிச்சையைவிடக் கிண்ணம் வலியைக் கூடுதலாகக் குறைத்தது. ஆனால் போலிக் கிண்ணத்தை அது மிஞ்சவில்லை. பிரேசிலில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 90 பேரிடம் ட்ரை கப்பிங்கைச் சோதித்து 2021-இல் வெளியிட்ட முடிவிலும் அது போலியை மிஞ்சவில்லை. விளையாட்டு வீரர்களிடம் நடந்த 11 சோதனைகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தவர்கள், செய்யலாம் என்றோ வேண்டாம் என்றோ உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்றார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நிம்மதி உண்மை, அதற்குச் சொல்லப்படும் காரணங்கள்தான் ஆட்டம் காண்கின்றன. செல்சஸ் காற்று என்றார், சீனர்கள் ‘சீ’ என்னும் உயிராற்றல் என்றார்கள், இன்று நச்சு என்கிறார்கள், தசையுறை இளகுகிறது என்கிறார்கள். விளக்கம் மாறிக்கொண்டே வந்தும் கிண்ணம் கைவிடப்படவில்லை. படுக்கவைத்து, வலிக்கும் இடத்தைக் கேட்டு, தொட்டு, கால் மணி நேரம் அக்கறையாகப் பார்ப்பதிலேயே பாதி மருந்து இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதை மட்டமாகச் சொல்லவில்லை. வலியோடு வருபவரின் உடம்பை நிதானமாகத் தொட்டுப் பார்க்க நம் மருத்துவமனைகளில் எத்தனை பேருக்கு நேரம் இருக்கிறது?

கடும் பயிற்சிக்குப் பின் தோள் இறுகிக்கிடக்கிறது, முறையாகப் பயின்ற பிசியோதெரபிஸ்ட் கிண்ணம் வைக்கிறார், இரண்டு நாள் இலகுவாக இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்துகொள்ளுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், தோல் மெலிந்த முதியவர்கள் ஆகியோருக்கு இது வேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. புண், புடைத்துச் சுருண்ட இரத்தக் குழாய் இவற்றின் மேல் வைக்கவே கூடாது. வீட்டில் பஞ்சைக் கொளுத்தி முயல வேண்டாம், தீக்காயம் பட்டு மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. கால் மரத்துப்போதல், காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காரணமில்லாத எடைக் குறைவு இவற்றில் எது முதுகுவலியோடு சேர்ந்து வந்தாலும், கிண்ணத்தைத் தேடிப் போகாமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.