பழைய பிக்கப் வண்டிக்குப் பின்பக்க ஷாக் அப்சார்பர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

கல்பாக்கம், கூவத்தூர், செய்யூர், சித்தாமூர் பகுதிகளில் தர்பூசணி அறுவடை தொடங்கினால், விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வது பெரும்பாலும் குட்டி யானை, பொலிரோ பிக்கப், தோஸ்த் போன்ற வண்டிகள்தான். பத்து ஆண்டைத் தாண்டிய வண்டியில் பின்பக்க ஷாக் தளர்ந்திருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் பாரம் துள்ளும். மேல்தோல் நன்றாக இருந்தாலும் காயின் உள்சதை கலங்கிவிடும். அதைவிட முக்கியம், சக்கரம் தரையை விட்டு எழும்பும்போது பிரேக் சரியாகப் பிடிக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இது உயிருக்கே ஆபத்து. எனவே அறுவடைக்கு முன்பே, ஜனவரி மாதத்திலேயே சோதித்துக் கொள்ளுங்கள்.

ஷாக் பாரம் தாங்காது

பலரும் தவறாக நினைப்பது இதைத்தான். வண்டியின் எடையையும் பாரத்தையும் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகள். பட்டை அழுந்தி எழும் ஆட்டத்தை அடக்குவதே ஷாக்கின் வேலை. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து கிடந்தால் ஷாக் மாற்றிப் பயனில்லை. பட்டை முறிந்துள்ளதா, வளைவு போய்விட்டதா என்று பாருங்கள்.

மாற்ற வேண்டிய அறிகுறிகள்

• ஷாக்கின் உடலில் எண்ணெய் வழிந்து, அதன் மேல் புழுதி அப்பியிருத்தல். லேசான எண்ணெய்ப் பூச்சு மட்டும் இருந்தால் அது பழுதல்ல.
• டயர் ஆங்காங்கே மேடும் பள்ளமுமாகத் தேய்தல்.
• வேகத்தடை தாண்டிய பின்னும் பின்பக்கம் இரண்டு மூன்று முறை ஆடுதல்.
• பள்ளத்தில் 'டக் டக்' என்ற சத்தம். இது புஷ் தேய்மானமாகவும் இருக்கலாம்.
• கழற்றிய ஷாக்கை அமுக்கி இழுக்கும்போது நடுவில் பிடிப்பின்றி விட்டு விட்டுப் போதல்.

தேர்வு செய்வது எப்படி?

1. ஆர்.சி. புத்தகத்துடன் கடைக்குச் செல்லுங்கள். மாடல், தயாரிப்பு ஆண்டு இரண்டும் தேவை. ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறியிருக்கலாம்.

2. பழைய ஷாக்கைக் கழற்றி எடுத்துச் சென்று, முழுதும் நீட்டிய நீளம், முழுதும் அமுக்கிய நீளம், புஷ் துளையின் விட்டம் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். நீளம் குறைந்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் இழுபட்டுப் பிய்ந்துவிடும். நீளம் கூடினால் முழுப் பாரத்தில் அடிதட்டி உடையும்.

3. கூடுதல் பட்டை போட்டுப் பின்பக்கத்தை உயர்த்திய வண்டி என்றால், பழைய அளவு பொருந்தாமல் போகலாம். மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

4. எண்ணெய் ஷாக் விலை குறைவு. வயல், சந்தை என்று குறைந்த தூரம் ஓடும் வண்டிக்குப் போதும். கோயம்பேடு வரை தொடர்ந்து ஓடும் வண்டிக்கு கேஸ் ஷாக் நல்லது. அதிலுள்ள நைட்ரஜன் அழுத்தம் எண்ணெய் நுரைப்பதைக் குறைப்பதால், நீண்ட ஓட்டத்திலும் பிடிப்பு குறையாது.

5. எப்போதும் இரு பக்கமும் ஜோடியாக மாற்றுங்கள். எண்ணெய் ஊற்றிப் பெயின்ட் அடித்த பழைய ஷாக்கைத் தவிர்த்திடுங்கள். பாக எண் அச்சிட்ட பெட்டி, ஜி.எஸ்.டி. பில், வாரன்டி மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.

பொருத்தும்போது

எண்ணெய் ஷாக்கை நிமிர்த்திப் பிடித்து, மூன்று நான்கு முறை இழுத்து அமுக்கிய பிறகே மாட்ட வேண்டும். படுக்க வைத்திருந்ததில் உள்ளே புகுந்த காற்று வெளியேறும். பளபளப்பான தண்டைக் குறடால் பிடிக்கக் கூடாது. கீறல் விழுந்தால் சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். சக்கரம் தரையில் நின்ற பிறகே புஷ் போல்ட்டை இறுதியாக முடுக்கச் சொல்லுங்கள். தொங்கிய நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

கடற்கரைப் பகுதிக்குக் கூடுதல் கவனம்

உப்புக் காற்றில் தண்டும் போல்ட்டும் விரைவில் துருப்பிடிக்கும். மீன், உப்பு ஏற்றிய அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். துருவைத் தடுக்கக் கழிவு ஆயிலோ டீசலோ அடிக்கும் பழக்கம் வேண்டாம். ரப்பர் புஷ் ஊறி உப்பிவிடும். போல்ட் மரைகளில் கிரீஸ் தடவினால் போதும்.

பாரத்தின் அளவு

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவதே நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். வண்டியில் செல்வோரின் எடையும் அதில் அடங்கும். 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். எவ்வளவு விலை உயர்ந்த ஷாக் போட்டாலும் இந்த அளவு கூடாது. தர்பூசணிக்கு அடியில் வைக்கோல் பரப்பி, அளவோடு ஏற்றினால் காயும் தப்பும், வண்டியும் தப்பும்.