நினைவகத்தின் மதிலும் வாயிலும்

இராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். திருவொற்றியூரையும் காசிமேட்டையும் கடந்து வரும் கன்டெய்னர் லாரிகள், சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் வரிசையாய்க் காத்து நிற்பதைப் பலகால் கண்டிருக்கிறேன். அனுமதிச் சீட்டைச் சோதித்த பின்னரே காவலர் வழிவிடுவார். ஆனால் கப்பலிலிருந்து சரக்கை இறக்கும் கிரேனோ அந்த வாயிலைக் கடப்பதே இல்லை. கடற்புறத்திலிருந்து நேரே உள்ளே இறக்கிவிடுகிறது. ஆகவே தரைவாயிலுக்கு மட்டும் காவல் வைத்தால் போதாது. கணிப்பொறியின் நினைவகத்தைக் காக்க முயன்றவர்களும் இந்த உண்மையையே கண்டறிந்தார்கள்.

நினைவகத்தில் பல நிரல்கள் ஒருங்கே குடியிருக்கின்றன. ஒன்று தவறிப்போய் மற்றொன்றின் இடத்தில் எழுதினால் அது கெடும். இயக்க முறைமையின் இடத்தில் எழுதினாலோ பொறி முழுவதுமே நின்றுவிடக்கூடும். இதைத் தடுக்க, 1964 ஏப்ரலில் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த சிஸ்டம் 360 வரிசையில் ஓர் ஏற்பாடு இருந்தது. நினைவகம் 2,048 பைட் கொண்ட கட்டங்களாகப் பகுக்கப்பட்டது. ஒவ்வொரு கட்டத்திற்கும் 0 முதல் 15 வரையில் ஒரு சாவி எண் உண்டு. நிரலின் எண்ணும் கட்டத்தின் எண்ணும் ஒத்திருந்தால்தான் எழுத இயலும். 0 என்பது மட்டும் எல்லாப் பூட்டுகளையும் திறக்கும். அஃது இயக்க முறைமைக்கு உரியது. 1973-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 370/155 பொறியும் இம்முறையைக் கொண்டதே.

அப்பொறியாளர்கள் கடற்புறத்தையும் மறக்கவில்லை. வட்டு, நாடா முதலிய சாதனங்களிலிருந்து தரவை நேரே நினைவகத்தில் இறக்கும் 'சேனல்' என்னும் துணைப்பொறிக்கும் ஒரு சாவி எண் தரப்பட்டது. எண் பொருந்தாவிடில் அதுவும் தடுக்கப்பட்டது.

ஆனால் 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088 செயலியில் இத்தகைய மதிலே இல்லை. 1982-இல் வந்த 80286, 1985-இல் வந்த 80386 ஆகிய செயலிகள் மதிலை மீண்டும் எழுப்பின. எனினும் தரைவாயில் மட்டுமே அடைபட்டது. செயலியின் துணையின்றி நினைவகத்தில் எழுதவல்ல சாதனங்களுக்குக் காவல், அத்தகைய பொறிகளில் நெடுங்காலம் கழித்தே வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாதனத்தையும் இயக்க முறைமையையும் இணைக்கும் டிரைவர் என்னும் நிரல், பெரும்பாலும் மதிலுக்கு உள்ளேயே பணிபுரிகிறது. உள்ளே அனுமதிக்கப்பட்டவரே தவறினால் மதில் என்ன செய்யும்? 2024 ஜூலை 19 அன்று உலகம் அதைக் கண்டது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள், விண்டோசின் கருவறையில் டிரைவராக இயங்கி வந்தது. அன்று வந்த புதுப்பிப்பு 21 மதிப்புகளை எதிர்பார்த்தது; மென்பொருளோ 20 மதிப்புகளையே தந்தது. ஆகவே அது 21-ஆவதைத் தேடித் தனக்கு உரிமையில்லாத இடத்தைப் படித்தது. மைக்ரோசாப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸ்களைக் கையால் எழுதித் தர நேர்ந்தது. காவலுக்கென்று அமர்த்தப்பட்ட நிரலே அந்த இடரை விளைவித்தது என்பதுதான் வேதனை.

இதற்கு மாற்றுண்டா? சென்னை ஐ.ஐ.டி.யில் வடிவமைக்கப்பெற்ற சக்தி செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் கட்டளை முறையைப் பின்பற்றுபவை. அம்முறையின் நினைவகக் காப்பில் ஒரு சிறப்பான பூட்டு உண்டு. ஒரு பகுதியை அப்படிப் பூட்டிவிட்டால், மிக உயர்ந்த அதிகாரத்துடன் இயங்கும் நிரலும் அதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும். பொறியை மீட்டமைக்கும் வரை அதைத் திறக்கவும் இயலாது. 0 என்னும் எண் எல்லாவற்றையும் திறந்த காலத்தினின்று இது பெரும் மாறுதலன்றோ?

மாணவர்களே! நாளை உங்களில் எவரேனும் டிரைவர் எழுதக்கூடும். பயனர் நிரல் தரும் முகவரியைச் சோதியாமல் ஏற்காதீர்கள். தரவின் அளவை எண்ணிப் பாருங்கள். சாதனத்திற்குத் திறந்துவிட்ட இடத்தை வேலை முடிந்தவுடன் மூடுங்கள். ஜீரோ கேட்டில் நிற்கும் காவலர் ஆயிரமாவது லாரியின் சீட்டையும் முதல் லாரியினுடையதைப் போலவே பார்க்கிறார். அவ்விழிப்பே நமக்கும் வேண்டுவது.