அக்கிலிஸின் கேடயம்: பிளாக்ஸ்மனின் முன்வரைவுகள்

ஆங்கிலச் சிற்பி ஜான் பிளாக்ஸ்மன் (1755–1826), கிரேக்கத் தொன்மத்தில் வரும் அக்கிலிஸின் கேடயத்தை உலோகப் புடைப்புச் சிற்பமாக வடிப்பதற்காக வரைந்த ஓவியங்கள் இவை. லண்டனின் ரண்டல், பிரிட்ஜ் அண்ட் ரண்டல் என்ற பொற்கொல்லர் நிறுவனம் 1810 வாக்கில் இப்பணியை அவரிடம் ஒப்படைத்தது. ராயல் அகாதெமியின் முதல் சிற்பப் பேராசிரியராக அவர் அமர்த்தப்பட்டதும் 1810-இல்தான்.

ஹோமரின் 'இலியட்' காவியத்தின் 18-ஆம் காண்டத்தில், அக்கிலிஸின் தாய் தெட்டிஸ் கேட்டுக்கொண்டதற்கிணங்க, கொல்லர் தெய்வமான ஹெபஸ்டஸ் இக்கேடயத்தை அடித்துத் தருகிறார். திருமண ஊர்வலம், ஊர் வழக்கு, முற்றுகை, உழவு, அறுவடை, திராட்சை பறிப்பு, காளையை வீழ்த்தும் சிங்கங்கள், நடனம் என ஓர் உலகமே அதில் அடங்கியிருக்கிறது. கவிதையில் இவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். சிற்பத்திலோ எல்லாம் ஒரே பார்வையில் விழும். எதை எங்கே வைப்பது என்பதைக் களிமண்ணில் கை வைக்குமுன் தாளிலேயே தீர்த்தாக வேண்டும். அலெக்சாண்டர் போப்பின் மொழிபெயர்ப்போடு வெளிவந்த படம் காட்சிகளை 12 கட்டங்களாகப் பிரித்திருந்தது. பிளாக்ஸ்மன் கட்டங்களை நீக்கிவிட்டு, காட்சிகளை ஒரே வளையமாக ஓடவிட்டார். இந்த ஒரு முடிவுதான் கேடயத்துக்கு உயிர் கொடுத்தது. நடுவில் விண்மீன்கள் சூழ, நான்கு குதிரைகள் பூட்டிய தேரில் அப்பல்லோ. விளிம்பைச் சுற்றிக் கடல்.

ரோமில் தங்கியிருந்தபோது 'இலியட்', 'ஒடிசி' காவியங்களுக்கு அவர் வரைந்த படங்கள் 1793-இல் அச்சேறி ஐரோப்பா முழுதும் புகழ் பெற்றிருந்தன. நிழல் தீட்டாமல் வெறும் கோட்டினாலேயே உருவைக் காட்டும் பாணி அது. குதிரையின் கழுத்து வளைவும் ஆடை மடிப்பும் ஒற்றைக் கோட்டில் நின்றுவிடும். தாழ்புடைப்புக்கு இது மிகவும் ஏற்றது. அதில் உருவத்தைத் தாங்குவது புறக்கோடுதான். ஆனால் நடுவிலிருந்து முன்னே பாய்ந்து வரும் தேரின் உயர்புடைப்பைக் கோடு மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த ஆழத்தைச் சிற்பி மாதிரியுருவில்தான் கண்டடைந்தார்.

மாதிரியுருவைப் பிளாக்ஸ்மன் 1817 வாக்கில் முடித்தார். சுமார் 90 செ.மீ. விட்டத்தில், பொன்முலாம் பூசிய வெள்ளியில் வார்க்கப்பட்ட கேடயம், 1821 ஜூலை 19 அன்று நான்காம் ஜார்ஜின் முடிசூட்டு விருந்தில் வைக்கப்பட்டது. அது இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் உள்ளது. யார்க் கோமகன் உள்ளிட்டோருக்காக வேறு சில வார்ப்புகளும் செய்யப்பட்டன. பிளாக்ஸ்மனின் வரைவுகளும் பிளாஸ்டர் மாதிரிகளும் கொண்ட பெருந்தொகுப்பு, அவர் மனைவியின் சகோதரி மரியா டென்மன் வழியாக லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குச் சென்றது.