பஞ்சு மிட்டாய்க்கு நிறம் எதற்கு?

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த மண்ணூர்ப் பக்கம் செல்வோர் கண்ணில் முதலில் படுபவை ஆலைகளின் நீண்ட கூரைகளும் கொள்கலன் லாரிகளும்தாம். இத்தனை பெரிய இயந்திரங்களுக்கு நடுவே, திருவிழாத் தெருவில் சுழலும் ஒரு சின்னஞ்சிறு இயந்திரத்தைப் பற்றி எழுதத் தோன்றியது. பஞ்சு மிட்டாய் இயந்திரத்தைத்தான் சொல்கிறேன்.

அதன் பிறப்பே ஒரு வேடிக்கை. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வில்லியம் மோரிசன் என்ற பல் மருத்துவரும், ஜான் வார்ட்டன் என்ற மிட்டாய்க்காரரும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். 1897இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1899இல் பெற்றார்கள். பல்லைக் காக்க வேண்டியவரே சர்க்கரைக்குப் புதுவழி கண்டார்! 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் 'ஃபேரி ஃப்ளாஸ்' என்ற பெயரில், பெட்டி 25 சென்ட் விலையில், 68,655 பெட்டிகள் விற்றன. கண்காட்சியின் நுழைவுக் கட்டணத்தில் அது பாதி.

இயந்திரத்தின் சூத்திரம் எளியது. நடுவில் ஒரு சிறு கிண்ணம். அதன் விளிம்பில் நுண்ணிய துளைகள். சர்க்கரையை இட்டுச் சூடேற்றினால், ஏறத்தாழ 185 டிகிரி செல்சியஸில் உருகுகிறது. கிண்ணம் வேகமாகச் சுழல, பாகு துளைகளின் வழியே இழைகளாய் வெளியே வீசப்படுகிறது. காற்றில் பட்டதும் நொடிப்பொழுதில் இறுகிவிடுவதால், மீண்டும் படிகமாக அதற்கு அவகாசமில்லை. படிக ஒழுங்கற்ற இத்தகைய திடப்பொருளை அறிவியல் 'கண்ணாடி' என்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கும் செயின்ட் கோபேன் ஆலையில் மணல் உருகிக் கண்ணாடியாகிறது. திருவிழாத் தெருவில் சர்க்கரை உருகிக் கண்ணாடியாகிறது. முன்னது சன்னலுக்கு, பின்னது நாவுக்கு. ஈரக்காற்றுப் பட்டால் சர்க்கரைக் கண்ணாடி நீரை உறிஞ்சிச் சுருங்கிவிடும். பஞ்சு மிட்டாயை நெகிழிப் பைக்குள் இறுகக் கட்டி விற்பதன் காரணம் இதுவே.

இந்தச் சூத்திரத்தில் நிறத்துக்கு வேலையே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை, சூடு, சுழற்சி மூன்றும் போதும். ஆனால் நம் நினைவில் பஞ்சு மிட்டாய் என்றாலே இளஞ்சிவப்புத்தான். அந்த நிறமே அதற்கு வினையாயிற்று. 2024 பிப்ரவரியில், ஆய்வுக்கு எடுத்த மாதிரிகளில் ரோடமின்-பி இருப்பது தெரிந்தது. துணிக்குச் சாயமேற்றும் இந்தப் பொருளுக்கு உணவில் அனுமதி கிடையாது. முதலில் புதுச்சேரி விற்பனையைத் தடுத்தது. பிப்ரவரி 17ஆம் நாள் தமிழ்நாடும் தடை விதித்தது. மார்ச்சில் கர்நாடகம் செயற்கை நிறமிட்டவற்றுக்குத் தடை விதித்தது.

குழந்தைகளின் உடல்நலம் முன்னிற்கையில் அரசின் நடவடிக்கையைக் குறைசொல்ல முடியாது. ஆயினும் மூங்கில் கழியில் பைகளைத் தொங்கவிட்டு, மணியடித்தபடி நாள் முழுதும் நடந்து பிழைத்தவரின் நிலையும் நினைவுக்கு வருகிறது. கண்ணைக் கவரும் நிறத்தைக் கேட்டு வாங்கியவர்கள் நாம்தாம். பழியில் நமக்கும் பங்குண்டு.

பஞ்சு என்று பெயர் வைத்தவர்கள் ஏமாற்றவில்லை. காய் வெடித்த பருத்தியின் நிறம் வெண்மை. சாயமில்லாத சர்க்கரை இழையின் நிறமும் அதுவே. அடுத்த திருவிழாவில் எங்கேனும் வெள்ளைப் பஞ்சு மிட்டாய் கண்ணில் பட்டால், குழந்தைக்கு அதையே வாங்கிக் கொடுங்கள். பெயருக்குப் பொருத்தமானது அதுதான்.