தடை போட்டு, ஆறே வாரத்தில் திரும்பி வந்த சுகர் மாத்திரை: ஒரு குட்டி வரலாறு

1/ 2013 ஜூன். இந்திய சுகர் மருந்து உலகத்தில் ஒரே மாதத்தில் ரெண்டு செய்தி. ஜூன் 18-ல் பயோகிளிட்டசோன் மாத்திரையை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அதே மாதம்தான், அகமதாபாத் சைடஸ் நிறுவனம் கண்டுபிடித்த சாரோகிளிட்டசாருக்கு அனுமதி கிடைத்த அறிவிப்பும் வந்தது.

2/ வேடிக்கை என்னன்னா, ரெண்டும் பங்காளிங்க. உடம்பில் ஒரே குடும்பத்துப் பூட்டைத் திறக்கிற சாவிகள். ஒண்ணுக்கு வரவேற்பு, இன்னொண்ணுக்குத் தடை. ஏன்? கதை கொஞ்சம் நீளம் மக்களே, பொறுமையா படிங்க.

3/ முதலில் அந்தப் பூட்டு. இன்சுலின் செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியைத் தட்டும். ஆனா ஸ்டீராய்டு, தைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி எல்லாம் செல்லுக்கு உள்ளேயே போகும். அங்கே அவற்றைப் பிடிக்கும் புரதம் டிஎன்ஏ மேல் உட்கார்ந்து, எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு முடிவு பண்ணும். இதுதான் நியூக்ளியர் ரிசப்டர், தமிழில் உட்கரு ஏற்பி. மனிதருக்கு மொத்தம் 48.

4/ நம்ம விருத்தாசலம் செராமிக் தொழிலாளியிடம் சொன்னா உடனே புரியும். ஒரு பொம்மையில் கீறல் விழுந்தா அந்தப் பொம்மையோட போச்சு. அச்சிலேயே கை வைத்தால்? அதிலிருந்து வரும் எல்லா பொம்மையும் மாறும். உட்கரு ஏற்பியைத் தொடும் மருந்து அச்சைத் தொடும் மருந்து. அதன் பலமும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

5/ 1960-களில் குளோஃபைப்ரேட் என்ற கொழுப்பு மாத்திரை வந்தது. கொழுப்பு குறைந்தது. எப்படின்னு யாருக்கும் தெரியாது. எலிகளுக்குக் கொடுத்தால் கல்லீரல் வீங்கி, பெராக்சிசோம் என்ற நுண்ணுறுப்புகள் பெருகின.

6/ ஜப்பானின் டகேடா ஆய்வாளர்கள் அதைவிட நல்ல கொழுப்பு மருந்து தேடப் போய், சர்க்கரையைக் குறைக்கும் சிக்ளிட்டசோனைக் கண்டார்கள். 1980-களின் தொடக்கம் அது. கிளிட்டசோன் வம்சம் இங்கேதான் ஆரம்பம். இதுவும் எப்படி வேலை செய்யுதுன்னு அப்போது தெரியாது!

7/ 1990-ல் இசபெல் இஸ்மான், ஸ்டீபன் கிரீன் இருவரும் எலியில் அந்த ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். பெராக்சிசோமைப் பெருக்கும் மருந்துகளால் தூண்டப்படுவதால் அந்தப் பெயரே வைத்து, சுருக்கமா 'பிபார்' என்றார்கள். 1995-ல்தான் கிளிட்டசோன்கள் 'பிபார் காமா'வில் ஒட்டுவது தெரிந்தது. சாவி முதலில், பூட்டு பிறகு.

8/ இதற்கு நடுவே 1988-ல் அமெரிக்காவின் ஜெரால்ட் ரீவன் ஒரு விஷயம் சொன்னார். சுகர், பிபி, டிரைகிளிசரைடு எல்லாம் தனித்தனியா வரவில்லை, அடியில் இன்சுலின் எதிர்ப்பு இருக்கு என்றார். தொப்பையும் பிறகு கணக்கில் சேர்ந்தது. நமக்கு எல்லை: ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. இதுதான் மெட்டபாலிக் சிண்ட்ரோம்.

9/ அச்சு கையில் இருக்கு, நோயின் வேரும் தெரிஞ்சாச்சு. அப்போ ஒரே மாத்திரையில் எல்லாம் சரியாகுமே! உலகமே இறங்கியது. பிறகு வரிசையா அடி. 1997-ல் வந்த டிரோகிளிட்டசோன், கல்லீரல் செயலிழப்பால் 2000-ல் அமெரிக்காவில் வாபஸ். 1999-ல் வந்த ரோசிகிளிட்டசோன் மீது 2007-ல் மாரடைப்பு சந்தேகம். 2010-ல் இந்தியாவில் தடை.

10/ நம்ம நாடும் ஓடியது. ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் 1997-ல் தன் பாலகிளிட்டசோனை டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க்குக்கு உரிமம் கொடுத்தது. காப்பி மருந்துக்குப் பேர்போன நாடு சொந்த மூலக்கூறை வெளிநாட்டுக்கு விற்ற பெருமை அது. அடுத்து ராகாகிளிட்டசார். 2002-ல் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டி வந்ததால் அந்த ஆய்வு நின்றது.

11/ சிறுநீர்ப்பை என்ற வார்த்தையைக் குறிச்சுக்கோங்க. பயோகிளிட்டசோனைத் துரத்தியதும் அதே கேள்விதான். 2011-ல் பிரான்ஸ் நிறுத்தியது. 2013-ல் நாம் நிறுத்தினோம். ஆனா இங்கே நிலைமை வேற. மலிவான மாத்திரை. அன்றைக்கு கிளிப்டின்கள் காப்புரிமை விலையில் இருந்தன. கைக்காசு போட்டு மருந்து வாங்கும் நோயாளிக்கு மாற்று எங்கே? மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஜூலை 31-ல் தடை நீங்கியது. நிபந்தனை: முதல் மருந்தாக எழுதக் கூடாது, அட்டையில் எச்சரிக்கை வேண்டும்.

12/ அப்போ கேன்சர் வருமா வராதா? 2015-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் உறுதியான தொடர்பு தெரியவில்லை. அடுத்த வருடமே வந்த வேறொரு ஆய்வில் தெரிந்தது. அப்படியே இருந்தாலும், தனி ஒருவருக்கு அந்த ஆபத்து சிறியது. மறுபக்கம் 2016-ல் வந்த ஐரிஸ் ஆய்வு: பக்கவாதம் வந்த, சுகர் இல்லாத, ஆனா இன்சுலின் எதிர்ப்பு உள்ள 3,876 பேரில், இந்த மாத்திரை மறுபடி பக்கவாதம் அல்லது மாரடைப்பு வருவதை 24% குறைத்தது.

13/ சாரோகிளிட்டசார் இன்றும் இருக்கு. ஸ்டாட்டினுக்கும் அடங்காத டிரைகிளிசரைடு உள்ள சுகர் நோயாளிகளுக்கு வந்தது, 2020-ல் கொழுப்புக் கல்லீரல் அழற்சிக்கும் அனுமதி பெற்றது. 2024-ல் அமெரிக்கா அதே நோய்க்கு அனுமதித்த ரெஸ்மெட்டிரோம் வேறொரு உட்கரு ஏற்பியைத் தொடுகிறது, கல்லீரலில் உள்ள தைராய்டு ஏற்பி. எல்லா பட்டறை அச்சையும் மாற்றாமல், ஒரே பட்டறையில் மட்டும் கை வைக்கப் பார்க்கிறார்கள்.

14/ இதெல்லாம் ஏன் எழுதுறேன்? 'கேன்சர் மாத்திரை' என்ற ஃபார்வர்ட் இன்னும் சுத்துது. அதை நம்பித் தானாக நிறுத்திவிட்டு, சுகர் 400-க்கு ஏறின பிறகு ஓபி-க்கு வராதீங்க ப்ளீஸ்.

15/ பயோகிளிட்டசோன் சாப்பிடுறவங்க இதைச் சொல்லணும்: கால் வீக்கம், படுத்தால் மூச்சு வாங்குவது, இதயம் பலவீனம்னு ஏற்கெனவே சொல்லியிருந்தால் அது, சிறுநீரில் ரத்தம், சிறுநீர்ப்பை புற்றுநோய் முன்பு இருந்தது, மாதவிடாய் நின்ற பெண்கள் என்றால் எலும்பு முறிவு. உப்பும் நீரும் சேர்வது, எடை ஏறுவது, எலும்பு மெலிவது எல்லாம் அச்சில் கை வைத்ததன் மறுபக்கம்.

16/ இதில் எதுவும் இல்லாமல் சுகர் கட்டுக்குள் இருக்கா? அடுத்த செக்கப்புக்கு அட்டையோட வாங்க, பேசி முடிவெடுப்போம். அதுவரை மாத்திரை தொடரட்டும், சாயங்கால நடையும்தான். சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. நைட் டூட்டி முடிஞ்சதும் பதில் சொல்றேன்.