லயோல் கத்தி

லயோல் கத்தி என்பது பிரான்சு நாட்டின் தென்பகுதியில், அவேரோன் மாவட்டத்திலுள்ள லயோல் என்னும் ஊரில் தோன்றிய மடக்குக் கத்தி வகை ஆகும். மெலிந்து நீண்ட அலகு, சற்றே வளைந்த கைப்பிடி, பிடியின் முதுகில் தேனீ வடிவம் ஆகியவை இதன் முதன்மையான அடையாளங்கள். பிரான்சில் இது உணவு மேசையிலும் வயலிலும் பயன்படும் சட்டைப்பைக் கத்தியாகும். தந்தை மகனுக்கு அளிப்பதும், பிள்ளைகள் தந்தைக்குப் பரிசளிப்பதும் அங்கு வழக்கம்.

லயோல் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் அன்று. ஒரு கத்தி வகையின் பெயர். நெடுங்காலம் இப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. இதனால் சில யூரோ விலையுள்ள மலிவான கத்தியும், பல நூறு யூரோ விலையுள்ள கைவினைக் கத்தியும் ஒரே பெயரில் விற்கப்பட்டு வருகின்றன.

பெயர்

இவ்வூர் ஓப்ராக் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. ஊர்ப்பெயர் அப்பகுதியின் ஒக்சிதான் மொழியில் 'சிறு தேவாலயம்' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. எழுத்துகளைக் கொண்டு 'லகியோல்' எனப் பலர் வாசித்தாலும், உள்ளூர் மக்கள் 'லயோல்' என்றே ஒலிக்கின்றனர்.

வரலாறு

கத்தி தோன்றுவதற்கு முன்னர் இப்பகுதி உழவர்கள் கப்புசாடு என்னும் மடங்காத கத்தியை வைத்திருந்தனர். 1829 ஆம் ஆண்டில் பியர்-சான் கல்மெல் என்பவர் முதல் லயோல் மடக்குக் கத்தியை உருவாக்கியதாகக் கருதப்படுகிறது. தொடக்கத்தில் இது நேரான பிடியைக் கொண்டிருந்தது. இன்றுள்ள வளைந்த வடிவம் பின்னர் உருவானது. அதில் எசுப்பானிய நவாகா கத்தியின் தாக்கம் இருப்பதாகக் கூறப்படுகிறது.

பயன்படுத்துவோரின் தொழிலுக்கேற்பக் கத்தியும் மாறியது. 1840 ஆம் ஆண்டளவில் குத்தூசி சேர்க்கப்பட்டது. தோல் வார்களில் துளையிடவும், வயிறு உப்பிய மாடுகளின் வயிற்றில் துளையிட்டு வாயுவை வெளியேற்றவும் மேய்ப்பர்கள் இதனைப் பயன்படுத்தினர் என்பர். ஓப்ராக் மக்கள் பலர் பிழைப்புக்காகப் பாரிசு சென்று உணவகங்களிலும் மதுக்கடைகளிலும் பணிபுரிந்தனர். அவர்களின் தேவைக்காக 1880 ஆம் ஆண்டளவில் தக்கைத் திருகியும் சேர்ந்தது. அலகு மட்டும் உள்ளது, அலகும் தக்கைத் திருகியும் உள்ளது, இவற்றுடன் குத்தூசியும் உள்ளது என மூவகைக் கத்திகள் இன்றும் செய்யப்படுகின்றன.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து உற்பத்தி படிப்படியாகப் புய்-த-தோம் மாவட்டத்திலுள்ள தியேர் நகருக்கு நகர்ந்தது. தியேர் இடைக்காலம் முதல் கத்தித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நகரம் ஆகும். முதல் உலகப் போருக்குப் பின்னர் லயோல் ஊரில் இத்தொழில் ஏறக்குறைய மறைந்துபோனது. 1980களில் ஊர்மக்கள் அதனை மீட்டெடுத்தனர். 1987 இல் வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் வடிவமைத்த தொழிற்சாலை ஒன்று அங்கு திறக்கப்பட்டது. அதன் கூரையின் மேல் 18 மீட்டர் உயரக் கத்தி அலகு ஒன்று நிமிர்ந்து நிற்கிறது.

அமைப்பு

பிடியின் நீளத்தைக் கொண்டே கத்தியின் அளவு குறிக்கப்படுகிறது. 12 செ.மீ. பிடி பரவலானது, அதற்குரிய அலகு ஏறத்தாழ 10 செ.மீ. நீளமுடையது. பிடியின் முதுகில் ஓடும் தட்டையான எஃகு வில் அலகின் அடிப்பகுதியை அழுத்தி, திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அதனை நிறுத்தி வைக்கிறது. பூட்டு கிடையாது. ஆகவே அலகின் முதுகுப்புறத்தில் வலுவாக அழுத்தினால் கத்தி விரல்மேல் மடங்கக்கூடும்.

பிடி மாட்டுக் கொம்பு, ஆலிவ் மரம், கருங்காலி போன்றவற்றால் செய்யப்படுகிறது. பிடியின் முனைகளில் பித்தளை அல்லது எஃகுப் பூண்கள் பொருத்தப்படுவதுண்டு. அலகுக்குத் துருப்பிடிக்காத எஃகும் கரிம எஃகும் பயன்படுகின்றன.

தேனீயும் சிலுவையும்

வில்லின் முனையிலுள்ள உருவத்தைக் கத்திக் கொல்லர்கள் 'ஈ' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லால் அழைக்கின்றனர். தொடக்ககாலக் கத்திகளில் இம்முனை வெறுமையாகவோ வேறு அலங்காரங்களுடனோ இருந்தது. தேனீ வடிவம் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலைபெற்றது. ஊராரின் வீரத்தைப் பாராட்டி நெப்போலியன் தேனீச் சின்னத்தை வழங்கினார் என்னும் கதைக்கு அடிப்படை இல்லை. நெப்போலியன் 1821 இலேயே இறந்துவிட்டார். கத்தி தோன்றியது அதற்குப் பின்னர் ஆகும்.

சில கத்திகளின் பிடியில் சிறு ஆணிகளால் சிலுவை வடிவம் பதிக்கப்பட்டிருக்கும். தேவாலயத்திற்குச் செல்ல இயலாத மேய்ப்பர்கள் கத்தியை ரொட்டியில் அல்லது தரையில் குத்தி நிறுத்தி, அச்சிலுவையின் முன் வேண்டினர் என்று மரபுவழிக் கதை கூறுகிறது.

பெயர் உரிமைச் சிக்கல்

லயோல் ஊரின் பாலாடைக்கட்டிக்கு 1961 இலேயே பிறப்பிடப் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்தது. அம்முறை உணவு, வேளாண் பொருட்களுக்கு மட்டுமே உரியதாக இருந்ததால் கத்திக்கு அது கிட்டவில்லை. எவரும் எங்கும் செய்த கத்தியில் 'லயோல்' எனப் பொறிக்க முடிந்தது. ஆசிய நாடுகளில் பெருமளவில் செய்யப்பட்ட மலிவான கத்திகள் இப்பெயருடன் பிரான்சிலேயே விற்பனைக்கு வந்தன.

1993 இல் ஊருடன் தொடர்பில்லாத தொழில்முனைவர் ஒருவர் 'லயோல்' என்னும் பெயரைப் பல்வேறு பொருள் வகைகளுக்கு வணிகக் குறியாகப் பதிவு செய்தார். ஊராட்சி தொடுத்த வழக்கு 2012 இல் தள்ளுபடியானது. அவ்வாண்டு செப்டம்பரில் ஊர்மக்கள் ஊரின் பெயர்ப்பலகையைக் கழற்றித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். 2014 இல் பாரிசு மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஊராட்சிக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 2016 இல் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்து செய்து மறு விசாரணைக்கு அனுப்பியது. 2019 இல் பாரிசு மேல்முறையீட்டு நீதிமன்றம், பொருளின் பிறப்பிடம் பற்றி நுகர்வோரைத் தவறாக எண்ணச் செய்பவை எனக் கூறி அவ்வணிகக் குறிகளைச் செல்லாதவையாக்கியது.

2014 இல் இயற்றப்பட்ட நுகர்வோர் சட்டம், தொழில் மற்றும் கைவினைப் பொருட்களுக்கும் புவிசார் குறியீடு பெற வழிவகுத்தது. எனினும் அக்குறியீடு அவேரோன் பகுதிக்கு மட்டும் உரியதா, நூறாண்டுக்கும் மேலாக இக்கத்தியைச் செய்துவரும் தியேர் பகுதிக்கும் உரியதா என்பதில் இரு பகுதியினரும் முரண்பட்டனர். இம்முரண்பாடும் நீதிமன்றம் வரை சென்றது.

தரத்தை அறிதல்

பெயரும் தேனீச் சின்னமும் தரத்திற்குச் சான்றாகா என்பதால், பரிசளிக்க வாங்குவோர் கத்தியையே ஆராய்தல் வேண்டும். பின்வருவன பொதுவாகக் கவனிக்கப்படுகின்றன:

- முத்திரை: நற்கத்தியின் அலகில் செய்தவரின் பெயரோ பட்டறையின் குறியோ இருக்கும். 'லயோல்' என்னும் சொல் மட்டும் இருந்தால் அது எங்கு, எவரால் செய்யப்பட்டது என்பதை அறிய இயலாது.
- தேனீ: உயர்தரக் கத்திகளில் தேனீயும் வில்லும் ஒரே எஃகுத் துண்டிலிருந்து அடித்து உருவாக்கப்படும். தேனீயைத் தனியே செய்து பற்றவைத்த கத்திகள் விலை குறைந்தவை. பற்றவைத்த இடத்தில் மெல்லிய கோடு தென்படுவதுண்டு.
- அலகின் இருப்பு: மூடியபோது அலகு பக்கத் தகடுகளில் உரசாமல் நடுவே அமைதல் வேண்டும். திறந்தபோது பக்கவாட்டில் ஆடக்கூடாது.
- பொருத்தம்: பூணும் பிடியும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினால் இடைவெளியோ மேடோ தட்டுப்படலாகாது.
- எஃகு: 12சி27 போன்ற துருப்பிடிக்காத எஃகுக்குப் பராமரிப்பு குறைவு. கரிம எஃகை எளிதில் தீட்டலாம்; ஆனால் பழச்சாறு பட்டால் கருக்கும், ஈரத்தில் துருப்பிடிக்கும்.

பெறுபவரின் கையும் பழக்கமும் கருதத்தக்கவை. வில்லின் அழுத்தம் மிகுதி. அலகைத் திறக்க அதிலுள்ள பள்ளத்தில் நகத்தை ஊன்றி இழுக்க வேண்டும். மூட்டுவலியுள்ள முதியவருக்கு இது கடினமாகலாம். அத்தகையோருக்கு மரப்பிடியும், 1955 முதல் சுழலும் பூட்டு வளையமும் உடைய ஒப்பினெல் கத்தி பொருத்தமாகக் கூடும். அதன் விலையும் குறைவு. பழம், ரொட்டி, பாலாடைக்கட்டி வெட்டுவதற்கு அலகு மட்டுமுள்ள கத்தியே போதுமானது. தக்கைத் திருகியும் குத்தூசியும் சேரச் சேரக் கத்தி தடித்துச் சட்டைப்பையில் கனக்கும்.

பராமரிப்பு

மூடும்போது அலகை விரலால் தாங்கி மெதுவாக இறக்குதல் மரபு. விசையுடன் மூடினால் கூர்விளிம்பு வில்லில் மோதி மழுங்கும். கொம்பும் மரமும் நீரில் ஊறினால் வெடிக்கும் என்பதால் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் இடலாகாது. ஈரத்துணியால் துடைத்து, அச்சில் அவ்வப்போது ஒரு துளி எண்ணெய் விட்டால் போதும். மூடிகளை நெம்பித் திறக்கவோ திருகாணி முடுக்கவோ பயன்படுத்தினால் மெலிந்த அலகு உடையும்.

பரிசு வழக்கமும் சட்டமும்

கத்தியைப் பரிசளித்தால் உறவு அறுபடும் என்னும் நம்பிக்கை பிரான்சிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் உண்டு. இதனால் பெறுபவர் ஒரு சிறு நாணயத்தைத் திருப்பிக் கொடுப்பார். அவ்வாறு செய்தால் கத்தி விலைக்கு வாங்கப்பட்டதாகிவிடும் என்பது வழக்கம். பிரான்சில் தந்தையர் நாள் சூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறன்று கொண்டாடப்படுகிறது.

பிரான்சில் இக்கத்தியை வாங்கவும் வைத்திருக்கவும் தடையில்லை எனினும், தகுந்த காரணமின்றி பொது இடங்களில் கொண்டு செல்வது குற்றமாகலாம். பிரித்தானியாவில் காரணம் கூறாமல் பொது இடத்தில் கொண்டு செல்லத்தக்க மடக்குக் கத்தி பூட்டில்லாததாகவும், 3 அங்குலத்திற்கு (7.62 செ.மீ.) மேற்படாத கூர்விளிம்பு உடையதாகவும் இருத்தல் வேண்டும். வழக்கமான 12 செ.மீ. லயோல் கத்தி இவ்வரம்பைக் கடந்துவிடுகிறது. வானூர்திப் பயணத்தில் இதனைக் கைப்பையில் வைக்காமல், ஒப்படைக்கும் பயணப்பெட்டியில் வைத்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- ஒப்பினெல் கத்தி
- சுவிசு இராணுவக் கத்தி
- புவிசார் குறியீடு