மலையில் ரியூன் செய்த செயின்சோ வன்னியில் ஏன் பிடிக்கிறது?

மாத்தளை மாவட்டத்தின் எல்கடுவ, நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய தோட்டப் பகுதி. முறிந்த மரம் அறுக்கவும் விறகு துண்டாக்கவும் இத்தகைய இடங்களில் சிறிய செயின்சோ உதவுகிறது. 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள் பலர். அந்த உறவு தொடரும் வீடுகளில், ஆட்களோடு இயந்திரமும் மலைக்கும் சமவெளிக்கும் போய்வரலாம். அப்போது காபரேட்டரைக் கவனிக்காவிட்டால் பிஸ்டன் பிடித்துவிடும். கூலிக்கு மரம் அறுப்பவருக்கு அது பிழைப்பே போவது போன்றது.

காரணம் என்ன?

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்கள் மக்களுக்குக் காபரேட்டர் புதிதல்ல. ஆனால் செயின்சோ காபரேட்டரில் மிதவை கிடையாது. எப்படிச் சாய்த்தாலும் ஓடவேண்டும் என்பதால், மெல்லிய சவ்வு ஒன்றே பெற்றோலை அளந்து விடுகிறது.

1000 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எனவே மலையில் பெற்றோலைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள். அதே அளவோடு கிளிநொச்சியில் ஓட்டினால் காற்று கூடி, பெற்றோல் போதாமல் போகும். இந்த இயந்திரத்துக்கு ஒயிலும் பெற்றோலோடுதான் வருகிறது. பெற்றோல் குறைந்தால் ஒயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் பிடிக்கும்.

திருகாணியைத் தொடுமுன்

பல கோளாறுகள் காபரேட்டரில் இருப்பதில்லை. எயார் பில்டரைக் கழுவிக் காயவையுங்கள். தாங்கிக்குள் உள்ள பெற்றோல் பில்டரைப் பாருங்கள். பிளக் மண்ணிறமாக இருந்தால் நல்லது. கறுத்து ஈரமாக இருந்தால் பெற்றோல் அதிகம், வெளிறி இருந்தால் குறைவு.

கலவை 50:1 என்றால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் டூ-ஸ்ட்ரோக் ஒயில். 25:1 என்றால் 40 மில்லிலீற்றர். எது என்பதை இயந்திரத்தின் கையேடு சொல்லும். பழைய பழக்கத்தில் மண்ணெண்ணெய் கலக்கவேண்டாம்.

ரியூன் செய்யும் முறை

பொதுவாக மூன்று திருகாணிகள் இருக்கும். எல் குறைந்த வேகத்துக்கு, எச் முழு வேகத்துக்கு, எல்ஏ அல்லது டி ஐட்லிங்குக்கு. எல், எச் இரண்டையும் வலப்பக்கம் திருப்பினால் பெற்றோல் குறையும், இடப்பக்கம் திருப்பினால் கூடும்.

1. எல், எச் இரண்டையும் மெதுவாக மூடி, ஒரு சுற்றுத் திறவுங்கள். இறுக்கி மூடினால் முனை கெடும். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.
2. இயந்திரத்தைச் சூடாக்குங்கள்.
3. எல்லைத் திருப்பி ஐட்லிங் மிக வேகமாகும் இடத்தைப் பிடித்து, அங்கிருந்து சிறிது திறவுங்கள். அக்சிலரேட்டரை அழுத்தியதும் தடுமாறாமல் வேகமெடுக்க வேண்டும்.
4. ஐட்லிங்கில் சங்கிலி அசையவே கூடாது. அசைந்தால், அது நிற்கும்வரை எல்ஏயை இடப்பக்கம் திருப்புங்கள்.
5. எச்சைக் கடைசியில் தொடுங்கள். வெறுமனே முழு வேகத்தில் ஓடும்போது சத்தம் சற்றுக் கரகரக்க வேண்டும். மரத்தில் வைத்ததும் அது தெளிய வேண்டும்.

நான் வலியுறுத்த விரும்புவது எச்சைத்தான். கீச்சென்று கத்தும் இயந்திரம் பலமாகத் தோன்றும், ஆனால் அது எரிந்துகொண்டிருக்கிறது. சில மொடல்களில் எச்சை மாற்றவே முடியாது. அவற்றில் பலவந்தம் வேண்டாம்.

கழற்றிச் சுத்தம் செய்ய

நாட்கணக்கில் கிடந்த பெற்றோல் பிசினாகி, காபரேட்டருக்குள் உள்ள சிறு வலையை அடைக்கும். சவ்வும் விறைத்துப்போகும். கழற்றும்போது ஒவ்வொரு பாகத்தையும் வரிசையாகப் படமெடுங்கள். சவ்வுகளை எடுத்த பின்னரே காற்றடியுங்கள். துளைகளில் கம்பி விடாதீர்கள். விறைத்த சவ்வுக்குப் புதியது போடுவதே வழி. வேலையில்லாத நாட்களில் தாங்கியைக் காலியாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

மலையிறங்கும்போது

எல்கடுவையிலிருந்து வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ கொண்டுபோனால், முதல் மரத்தில் வைக்குமுன் எச்சைச் சிறிது இடப்பக்கம் திறந்து, சத்தத்தைக் கேட்டுச் சரிசெய்யுங்கள். பெற்றோல் சற்றுக் கூடினால் புகைதான் வரும். குறைந்தால் இயந்திரமே போய்விடும்.